மானின் உடலில் எந்த இடத்தைக் குறிவைக்கிறார்கள்? அமெரிக்க வேட்டைக்காரர்களின் ‘பேப்பர் தட்டு’ கணக்கு

நவம்பர் மாதம் மூன்றாவது வாரம் நெருங்கினால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆபீஸ்கள் பாதி காலியாகிவிடும். நம்ம ஊரில் தீபாவளிக்கு லீவு போடுவது மாதிரி, அங்கே மான் வேட்டைக்கு லீவு போடுகிறார்கள். ‘தேங்ஸ்கிவிங்’ நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் ரைஃபிள் வேட்டைக் காலம். ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் இதற்காக லைசென்ஸ் வாங்குகிறார்கள். அந்த மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் சிலர் வேட்டை என்ற ஒன்றையே முதன்முதலில் கேள்விப்படுவது, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு டப்பாவில் மான்கறி கொண்டுவந்து நீட்டும்போதுதான்.

இந்தியாவில் இது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக்கு இடம் தருவதில்லை. அமெரிக்காவின் கதை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடில்லாத வேட்டையால் அங்கே வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சமாகக் குறைந்துபோயிருந்தன. இன்று ஏறக்குறைய 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். ஓநாய் போன்ற எதிரிகள் பெரும்பாலான இடங்களில் இல்லாததால், மான்கள் பெருகி இளஞ்செடிகளைக் காடு காடாக மேய்ந்து தீர்க்கின்றன. சாலையில் கார்களோடும் மோதுகின்றன. எனவே எத்தனை மான்களைச் சுடலாம், எந்த நாட்களில் சுடலாம் என்பதை மாநில அரசே முடிவு செய்கிறது.

வேட்டை சரியா தவறா என்ற விவாதம் அங்கேயும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால், ‘சுடுவது என்று முடிவாகிவிட்டால் எங்கே சுடுவது?’ என்ற கேள்வியில் வேட்டைக்காரர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் லைசென்ஸ் வாங்க வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பின் முக்கியமான பாடங்களில் இதுவும் ஒன்று.

நெற்றியில் ஏன் குறிவைப்பதில்லை?

சினிமா பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். நெற்றிப்பொட்டில் ஒரே குண்டு, மான் அங்கேயே விழும், வலியே இருக்காது. சரியாகப் பட்டால் உண்மையிலேயே அப்படித்தான். பிரச்சினை அந்த ‘சரியாக’ என்ற வார்த்தையில் இருக்கிறது.

மானின் தலை பெரிதாகத் தெரிந்தாலும் மூளை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவுதான். அதோடு, மானின் உடலில் அதிகம் அசைவது தலை. மேயும், நிமிரும், காதைத் திருப்பும், ஒரு சத்தம் கேட்டால் சட்டென்று திரும்பும். விசையை அழுத்தும் அந்த நொடியில் தலை மூன்று அங்குலம் நகர்ந்தால் குண்டு தாடையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். தாடை உடைந்த மான் விழாது, ஓடிவிடும். அதன் பிறகு தின்னவோ குடிக்கவோ முடியாமல் பல நாட்கள் பட்டினி கிடந்து சாகும். இப்படி ஒரு மானைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு தலைக்குக் குறிவைப்பதில்லை.

கழுத்தும் கிட்டத்தட்ட அதே கதைதான். தண்டுவடத்தில் பட்டால் அந்த இடத்திலேயே விழும். ஆனால் அது ஒல்லியான இலக்கு. சற்று விலகினால் வெறும் சதைக்காயம், அல்லது கிழிந்த மூச்சுக்குழாய். மிக அருகில் இருந்து, அசையாத மானை, நல்ல பயிற்சி உள்ளவர்கள் சுடுவது வேறு விஷயம். முதல் வருஷ வேட்டைக்காரருக்கு அது பொருந்தாது.

அப்படியென்றால் எங்கே?

நெஞ்சுக்கூட்டில். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்கால் உடலோடு சேரும் இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். அந்தக் காலின் பின்விளிம்பை ஒட்டியே கண்ணை மேலே கொண்டுபோக வேண்டும். உடலின் உயரத்தில், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அதுதான் இடம்.

இதயம் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது. அப்படியிருக்க ஏன் இதயத்துக்கே குறிவைப்பதில்லை? அங்கே குறிவைத்துக் குண்டு சற்றுத் தாழ்ந்தால் கால் உடையும், அல்லது நெஞ்செலும்பைச் சிராய்த்துக்கொண்டு போகும். கொஞ்சம் மேலே குறிவைத்தால் எந்தப் பக்கம் தவறினாலும் ஏதாவது ஒரு முக்கிய உறுப்பு இருக்கும். தாழ்ந்தால் இதயம். உயர்ந்தால் நுரையீரலின் மேல் பகுதி. முன்னால் போனால் தோள்பட்டையும் பெரிய ரத்தக் குழாய்களும். நான்கு அங்குலம் பின்னால் போனாலும் நுரையீரல்தான். ஆனால் பத்து அங்குலம் பின்னால் போனால் கல்லீரலோ, அசைபோடும் வயிறோ மாட்டும். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

வளர்ந்த வெள்ளைவால் மானில் இந்த இதய-நுரையீரல் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். பார்ட்டியில் கேக் வைத்துக் கொடுக்கும் பேப்பர் தட்டின் அளவு. அதனால்தான் வேட்டைக்கு முன்பு பலரும் பேப்பர் தட்டை வைத்தே பழகுகிறார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தத் தூரம் வரை சுட்ட குண்டு அத்தனையும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. ரைஃபிள் எவ்வளவு தூரம் சுடும் என்பது இங்கே கணக்கில் வராது. மேஜை மேல் மணல் மூட்டை வைத்துச் சுட்டால் 200 மீட்டரில்கூடத் தட்டுக்குள் போடலாம். அதே ஆள் நின்றுகொண்டு, கையில் வெறுமனே பிடித்துச் சுட்டால் 60 மீட்டரிலேயே தட்டு தப்பிவிடும். காட்டில் மேஜை இருக்காது. கூடவே குளிர், படபடக்கும் நெஞ்சு, நடுங்கும் விரல். பெரிய கொம்புள்ள மானைக் கண்டதும் வரும் இந்தப் படபடப்புக்கு அங்கே ‘பக் ஃபீவர்’ என்றே பெயர்.

சுட்டவுடன் விழாதா?

பெரும்பாலும் விழாது. ரைஃபிள் குண்டு மானைத் தூக்கி எறியும் என்பதும் சினிமா கொடுத்த நம்பிக்கைதான். நெஞ்சில் பட்ட மான் சாவது ரத்த இழப்பால். இதயமும் நுரையீரலும் சிதைந்த பிறகும் மூளைக்குச் சில நொடிகளுக்கான ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய மிருகத்துக்கு அந்தச் சில நொடிகளே போதும், நூறு மீட்டர் போய்விடும். சரியாகச் சுட்டவரும் அதனால்தான் மானைத் தேடிப் போகிறார்.

தோள்பட்டையின் உயரமான பகுதியில் சுட்டு எலும்பை உடைத்தால் அங்கேயே விழ வாய்ப்பு அதிகம். பக்கத்து நிலத்துக்காரரின் வேலி அருகில் இருக்கும்போது சிலர் இதைத் தேர்ந்தெடுப்பார்கள். வேலி தாண்டி ஓடினால் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆனால் இதற்கு விலை உண்டு. இரண்டு தோள்களின் கறியும் ரத்தம் கட்டி வீணாகும்.

மான் திரும்பி நின்றால்?

புத்தகப் படத்தில் மான் எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்கும். காட்டில் அப்படி நிற்க அதற்கு எந்த அவசியமும் இல்லை. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். ‘தோளுக்குப் பின்னால்’ என்று மனப்பாடம் செய்த புள்ளியையே எல்லாக் கோணத்திலும் தேடுவார்கள்.

அனுபவசாலிகள் குண்டு எங்கே நுழைகிறது என்பதைவிட, எங்கே வெளியே வரும் என்பதைக் கவனிக்கிறார்கள். மான் சற்று விலகி, பின்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்தபடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தப் பக்கத்து முன்னங்காலைக் கற்பனை செய்து, குண்டு அங்கே போய்ச் சேரும்படி குறிவைக்க வேண்டும். நுழையும் இடம் விலா எலும்பில் கொஞ்சம் பின்னால் இருக்கும். பார்க்கத் தப்பாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. வழியில் இரண்டு நுரையீரலும் மாட்டும். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடும்போதும் இதே யோசனைதான். மேலிருந்து பார்த்தால் நெஞ்சுக்கூடு ஒடுங்கித் தெரியும். கவனிக்காமல் சுட்டால் ஒரு நுரையீரல் மட்டும் கிழியும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும்.

நெஞ்சு நம்மை நோக்கி இருந்தால் இலக்கு சட்டென்று சுருங்கிவிடும். நேர் எதிரே நின்றால் இன்னும் மோசம். பின்பக்கம் காட்டி நின்றால் சுடவே கூடாது. ஓடும் மானையும் அப்படியே. புதர்க் கிளைகள் நடுவில் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டும், சின்னக் குச்சிகூடக் குண்டைத் திசை திருப்பும். பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா, வீடு இருக்கிறதா, மனிதர் இருக்கிறாரா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பு பார்க்க வேண்டும். குண்டு மானைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகும். விஸ்கான்சினில் ரைஃபிள் காலத்தில் இடுப்புக்கு மேல் உள்ள உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டமே இதனால்தான்.

இத்தனை ‘கூடாது’க்கு நடுவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஒரு குண்டுகூடச் சுடாமல் வீடு திரும்புவது சகஜம்.

பிசகிவிட்டால்?

குண்டு எங்கே பட்டது என்பதை மானே சொல்லும். இதயத்தில் பட்டால் பின்னங்கால்களை உதறித் துள்ளி ஓடும். வயிற்றில் பட்டால் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நகரும். அடுத்தது தரையில் உள்ள ரத்தம். நுரைத்த, வெளிர்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அடர்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றமடித்தால் வயிறு.

வயிறு என்று தெரிந்தால் அதன் பிறகு செய்ய வேண்டியது மனசுக்கு ஒப்பாத ஒரு வேலை. சும்மா காத்திருக்க வேண்டும், அதுவும் பல மணி நேரம். அடிபட்ட மான் துரத்தாமல் விட்டால் கொஞ்ச தூரத்திலேயே படுத்துவிடும். உடனே தேடிப் போனால் எழுந்து ஓடி, கண்டுபிடிக்கவே முடியாத இடத்தில் போய்ச் சாகும். ஆக, தப்பாகச் சுட்டவர் தன் தப்பின் வலி இன்னொரு உயிருக்குள் நீள்வதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டிவிட்டால் இன்னும் சிக்கல். விடியும் வரை விட்டால் கயோட்டி எனும் காட்டுநாய்கள் வந்துவிடலாம். குளிர் குறைந்த இரவாக இருந்தால் கறி கெட்டுவிடும். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. கயிறு கட்டிய மோப்ப நாயைக் கொண்டு தேடப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன.

தட்டுக்கு வரும் கறி

குறி கறியையும் தீர்மானிக்கிறது. வயிறு கிழிந்தால் அதன் கழிவு உள்ளே பரவி, சுத்தம் செய்வது பெரிய வேலையாகும். இன்னொரு விஷயம் ஈயம். மானுக்குப் பயன்படுத்துவது பட்டதும் விரியும் வகைக் குண்டு, சீக்கிரம் கொல்வதற்காக. ஆனால் ஈயக் குண்டு விரியும்போது பொடிப்பொடியாகச் சிதறும். 2008இல் மினசோட்டா மாநில அரசு செம்மறி ஆடுகளின் சடலங்களில் சுட்டுப் பார்த்தபோது, காயத்திலிருந்து வெகு தள்ளியும் ஈயத் துகள்கள் கிடைத்தன. எனவே காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியச் சொல்கிறார்கள். சிலர் செப்புக் குண்டுக்கு மாறிவிட்டார்கள். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது.

தலையில் சுடாததற்கு விஸ்கான்சினில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மான்களின் மூளையை அரிக்கும் ‘சி.டபிள்யூ.டி’ என்ற நோய் அங்கே 2002இல் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பரிசோதனைக்கு வேண்டிய நிணநீர்க் கணுக்கள் தொண்டையின் பின்புறத்தில் இருக்கின்றன. அந்தப் பகுதி குண்டில் சிதைந்தால் மாதிரி எடுப்பது சிரமம்.

மான் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில அரசிடம் ஆன்லைனிலோ போனிலோ பதிவு செய்துவிட வேண்டும். பரிசோதனை செய்ய விரும்புபவர் தலையைக் கொண்டுபோய் மாதிரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வருவார். ரிசல்ட் வரும்வரை கறி ஃப்ரீஸரில் காத்திருக்கும்.