சிலந்தி மேல் போடும் பழி

மழைக்காலத்தில் பெங்களூரு பிரேசர் டவுனின் பழைய ஓட்டு வீடுகளில், திரைச்சீலைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புச் சிலந்தி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வலை பின்னாத வேட்டைச் சிலந்தி அது. இரவில் கரப்பான் பூச்சிகளை ஓடிப் பிடித்துத் தின்னும். நாமோ துடைப்பத்தை எடுக்கிறோம். அழுத்திப் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், கொஞ்சம் வீங்கும். அவ்வளவுதான்.

ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு. ஆனால் அது பூச்சிகளை முடக்குவதற்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் ‘பொசிலோதீரியா’ கடித்தால் தசை இழுத்துப் பிடித்து நாள்கணக்கில் வாட்டும். உயிர் போனதாகப் பதிவு இல்லை. உண்மையாகவே ஆளைக் கொன்ற சிலந்திகளில் ஒன்று சிட்னியின் ஃபனல்வெப். அதன் கடியால் 13 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. 1981இல் விஷமுறிவு மருந்து வந்தபின் அங்கேயும் உறுதியான சாவு எதுவும் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் சிலருக்குச் சிலந்தியைக் கண்டாலே உடல் நடுங்கும். அவர்களைக் கேலி செய்வது கொடுமை. சிலந்தியைப் படிப்படியாக நெருங்கப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. ஒரே அமர்வில், மூன்று மணி நேரத்துக்குள் பலருக்குப் பயம் தணிவதை ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1989இல் எழுதினார்.

எனக்குக் கவலை தருவது வேறு. 2012 மே மாதம் அசாமின் சதியாவில் சிலந்திக் கடிக்குப் பிறகு இருவர் இறந்தார்கள், ஊரே கதிகலங்கியது. இருவருமே முதலில் போனது நாட்டு வைத்தியரிடம். அங்கே கடிவாயைப் பிளேடால் கீறியிருந்தார்கள். பிரேத பரிசோதனை நடக்கவில்லை. கொன்றது விஷமா, புண்ணில் ஏறிய கிருமியா என்பது முடிவாகாமலே போயிற்று.

நம் வீடுகளிலும் காலையில் கழுத்தில் கோடாகக் கொப்புளம் கண்டால் “எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும்” என்கிறோம். பெரும்பாலும் அது டியூப்லைட்டைத் தேடி வரும் கறுப்பும் ஆரஞ்சுமான சின்ன வண்டின் வேலை. அது கடிப்பதில்லை, நசுக்கினால் கசியும் நீர்தான் தோலைப் பொசுக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இன்னொன்று ஆபத்தானது. சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, கூடவே காய்ச்சல். வலியோ அரிப்போ இருக்காது. பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறோம். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக அது இருக்கலாம். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கே கட்டுப்படும்; தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிரைப் பறிக்கும்.

1898 பிளேக்கின் பாடத்தோடு எழுந்த குடியிருப்புதான் பிரேசர் டவுன். எலி அண்டாத வீடுகள் இங்கே கட்டப்பட்டன. பிளேக் நுழையாத நகரமைப்பைப் பற்றி ஜே.எச். ஸ்டீபன்ஸ் 1914இல் ஒரு நூலே எழுதினார். எந்த உயிரிடம் எச்சரிக்கை வேண்டும் என்று தேடிப் பார்த்துக் கட்டிய பேட்டை இது.

அதே எச்சரிக்கை உண்ணிக் காய்ச்சலிலும் வேண்டும். காய்ச்சல் சில நாள் விடாமல் அடித்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.