கன்னத்து மச்சமும் ஒரு மில்லிமீட்டர் கணக்கும்

நல்ல மதிப்பெண் வாங்கிய தோழியைப் பார்த்து, "உனக்கு மச்சம்டி!" என்று சொல்லாதவர் நம்மில் யார்? எந்த இடத்து மச்சத்திற்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் ஒளிந்து படித்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் மச்சம் உருமாறினால் என்ன செய்வது என்பதைப் பஞ்சாங்கம் சொல்வதில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அத்தைக்கு அப்படி நேர்ந்தபோதுதான் நாங்கள் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம்.

அத்தை காசிமேட்டில் மீன் விற்பவர். அவருடைய இடது கன்னத்தில், காதருகே, மிளகளவில் ஒரு மச்சம் இருந்தது. இரண்டு வருடத்தில் அது பட்டாணி அளவாகி, ஓரம் நெளிந்து, ஒரு பக்கம் கறுப்பும் மறு பக்கம் பழுப்புமாக மாறிற்று. அக்கம்பக்கத்தார் சொன்ன வைத்தியம் நமக்கெல்லாம் தெரிந்ததே. சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைத்தால் மச்சம் வெந்து உதிர்ந்துவிடுமாம்! அத்தை சுண்ணாம்பைக் கையில் எடுத்தே விட்டார். தோழியின் அம்மா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மூஞ்சில கத்தி வைக்க வுடமாட்டேன்" என்று அழுதவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்.

நம் மேல்தோலின் அடிப்பகுதியில் மெலனோசைட் என்னும் செல்கள் உள்ளன. நமக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்குபவை அவையே. அந்த மெலனின் வெயிலுக்குக் குடை பிடிப்பது போல் நம்மைக் காக்கிறது. அச்செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே மெலனோமா என்னும் புற்றுநோய். வெள்ளைத் தோலினர் மிகுந்த ஆஸ்திரேலியாவில் இது அதிகம். நம் நாட்டில் அரிது. ஆகவே துறைமுகத்திலும் எண்ணூரிலும் வெயிலில் உழைக்கும் நம் அப்பாமார்கள் ஒவ்வொரு மச்சத்திற்கும் பயப்பட வேண்டியதில்லை. இரு பாதியும் ஒத்திராத மச்சம், ஓரம் ஒழுங்கற்றது, பல நிறம் கொண்டது, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, எல்லாவற்றிற்கும் மேலாக மாறிக்கொண்டே வருவது, இவற்றைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டாக்டர் முதலில் அந்த மச்சத்தை முழுவதுமாக, சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலுடன் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அங்கே மைக்ராஸ்கோப்பின் கீழ், நோய் தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். இந்த ஆழம்தான் நோயாளியின் கதியைச் சொல்லும் என்று 1970இல் எடுத்துக்காட்டியவர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர். சுண்ணாம்பு எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இங்கேதான் எங்களுக்குப் புரிந்தது. வெந்துபோன தோலை யார் அளக்க முடியும்? மேலே தழும்பு மூடிவிட, அடியில் நோய் பேசாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

அளவு தெரிந்த பிறகு இரண்டாவது அறுவை சிகிச்சை. நோய் மேல்தோலை விட்டு இறங்காதிருந்தால் சுற்றிலும் அரை முதல் 1 சென்டிமீட்டர், ஆழம் 1 மில்லிமீட்டர் வரை என்றால் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டர் வரை என்றால் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள். முன்காலத்தில் 5 சென்டிமீட்டர் எடுப்பார்களாம். அப்படி எடுத்தால் கன்னத்தில் என்ன மிஞ்சும்!

கண்ணிமை, மூக்கு, காது அருகே 1 சென்டிமீட்டர்கூடத் தாராளமாகக் கிடைக்காது. அங்கே சிறிது சிறிதாக எடுத்து, ஒவ்வொரு ஓரத்தையும் சோதித்து, நோய் மிஞ்சிய பக்கத்தில் மட்டும் மேலும் எடுக்கும் முறை உண்டு. 1930களில் பிரெடெரிக் மோஸ் என்பவர் தொடங்கிய முறை இது. மெலனோமாவில் முடிவு தெரியச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், அதுவரை புண்ணைத் தைக்காமல் கட்டுப்போட்டு வைப்பதும் உண்டு.

சரி, குழியை எப்படி மூடுவது? சிறியதானால் முகச்சுருக்கத்தின் போக்கிலேயே தைத்துவிடுவார்கள். பெரியதானால் காதின் பின்புறத்திலிருந்தோ கழுத்தெலும்பின் மேலிருந்தோ தோல் எடுத்து ஒட்டுவார்கள். அல்லது பக்கத்துத் தோலை இரத்த ஓட்டம் அறாமல் திருப்பி வைப்பார்கள். மூக்கிற்கு நெற்றித் தோலைத் திருப்பும் வித்தை நம் நாட்டினுடையது! 1792 போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனா அருகே செங்கல் சுடும் குலத்தவர் ஒருவர் நெற்றித் தோலால் மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் அது வெளிவந்தது. அதைக் கண்டு முயன்று, 1814இல் கார்ப்யூ என்ற ஆங்கில டாக்டர் அங்கேயும் செய்தார். இன்றும் மூக்கில் புற்றுநோய் எடுத்த இடத்தை நெற்றித் தோலால் மூடுகிறார்கள்.

ஆழம் 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால், நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய கழுத்து நெறிக்கட்டியை நீலச் சாயமும் கதிரியக்க மருந்தும் செலுத்திக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். காதருகே சிரிப்பையும் கண் மூடுவதையும் நடத்தும் நரம்பு ஓடுவதால், அங்கே கை தேர்ந்தவர்தான் கத்தி எடுக்க வேண்டும்.

அத்தைக்கு ஆழம் 0.6 மில்லிமீட்டர்தான். கழுத்துச் சோதனை தேவைப்படவில்லை. 1 சென்டிமீட்டர் சுற்றி எடுத்து, காதின் கீழே தளர்ந்திருந்த தோலை மேலேற்றித் தைத்தார்கள். காது ஓரமாக ஒரு கோடு தெரிகிறது, அவ்வளவே. டாக்டர் வரச் சொல்லும்போதெல்லாம் போய்க் காட்டிவிட்டு வருகிறார். முதல் தடவை, கழுத்தைத் தடவிப் பார்த்த டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னாராம். "மூஞ்சில வந்ததுக்குக் காலை எதுக்கும்மா பாக்குறாங்க?" என்று அத்தை எங்களிடம் கேட்டார். நம்மவர்களுக்கு மெலனோமா முகத்தைவிட உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது என்று சொன்னோம். அத்தை அப்போதே வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நாங்களும்தான்.