'விண்வெளியில பாட்டு எதுக்கு?' - ஸ்டார் ட்ரெக் ரசிகர்களை இரண்டாகப் பிரித்த ஒரு எபிசோடு!

கப்பலின் நிலவரத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறார் ஸ்போக். உணர்ச்சியை வெளிக்காட்டாத, எதையும் தர்க்கத்தோடு மட்டுமே பேசுகிற அதே ஸ்போக். ஆனால், அன்று அவர் வாயிலிருந்து வந்தது அறிக்கை இல்லை, பாட்டு! அதற்குப் பதில் சொல்ல வந்தவரும் பாடுகிறார். கொஞ்ச நேரத்தில் கேப்டன், டாக்டர், இன்ஜினீயர் என ஒட்டுமொத்தக் கப்பலும் பாடுகிறது. ஏன் பாடுகிறோம் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

2023 ஆகஸ்ட் 3-ம் தேதி பாரமவுன்ட் ப்ளஸ் ஓடிடி-யில் வெளியான 'ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் 'சப்ஸ்பேஸ் ராப்சடி' எபிசோடு இப்படித்தான் தொடங்கியது. இரண்டாவது சீசனின் 9-வது எபிசோடான இதுதான் ஸ்டார் ட்ரெக் வரலாற்றிலேயே முதல் மியூசிக்கல். 1966-ல் தொலைக்காட்சியில் பிறந்து, பல தொடர்கள், பல திரைப்படங்கள் என வளர்ந்த இந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் இதைச் செய்ததில்லை.

எபிசோடு முடிந்ததும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'இந்த சீசனிலேயே பெஸ்ட் இதுதான்' என்றது ஒரு கட்சி. 'இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை' என்றது இன்னொன்று. நம் ஊர் சினிமாவில் ஹீரோ திடீரெனப் பாடினால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால், ஸ்டார் ட்ரெக் ரசிகர் கட்டாயம் கேட்பார்!

(எபிசோடுகளை இன்னும் பார்க்காதவர்களுக்கு: இனி வருவது எல்லாமே ஸ்பாய்லர்தான்.)

அப்படி என்னதான் நடந்தது?

எண்டர்பிரைஸ் கப்பல் விண்வெளியில் விசித்திரமான ஒரு மடிப்பைக் கண்டுபிடிக்கிறது. செய்திகளை அதிவேகமாக அனுப்ப அது உதவுமா என்று சோதிக்கிறார்கள். எந்த முயற்சியும் பலிக்காதபோது, 'இசையை அனுப்பிப் பாருங்களேன்' என்கிறார் இன்ஜினீயர் பெலியா. பழைய பாடல் ஒன்றை அனுப்புகிறார்கள். அவ்வளவுதான், மியூசிக்கல்களின் விதி இவர்கள் உலகத்தின் விதியாகிவிடுகிறது. மியூசிக்கலில் ஒரு பாத்திரம் எப்போது பாடும்? மனதில் இருப்பதைப் பேச்சால் சொல்லித் தீராதபோது. அதனால், கப்பலில் இருப்பவர்கள் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது எல்லாம் பாட்டாக வெளியே கொட்டத் தொடங்குகிறது.

இங்கேதான் கதை காமெடியிலிருந்து ஒரு படி இறங்கி ஆழமாகிறது. ரகசியத்தைக் காக்கத் தெரியாத கப்பல், ஆபத்தான கப்பல். பாதுகாப்பு அதிகாரி லா'ஆன் இதைத்தான் முதலில் யோசிக்கிறார். காரணம், அவருக்கே சொல்ல முடியாத ரகசியம் ஒன்று உண்டு. வேறொரு காலக்கோட்டில் அவர் காதலித்த ஜேம்ஸ் கிர்க், இந்தக் காலக்கோட்டில் அந்த நினைவே இல்லாமல் அதே கப்பலில் எதிரே நிற்கிறார்.

மொத்தம் ஒன்பது பாடல்கள். இசையமைத்தவர்கள் 'லெட்டர்ஸ் டு க்ளியோ' ராக் இசைக்குழுவைச் சேர்ந்த கே ஹான்லியும் டாம் போல்ஸும். உஹுராவாக நடித்த சீலியா ரோஸ் குடிங், பிராட்வே மேடையில் நடித்து டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அதனால், கதையின் முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பும் உஹுராவிடமே வந்தது.

'போன வாரம் போர்... இந்த வாரம் டான்ஸா?'

எதிர்ப்புத் தெரிவித்தவர்களை 'சிரிக்கத் தெரியாதவர்கள்' என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஜூலை 27-ம் தேதி வெளியான முந்தைய எபிசோடு 'அண்டர் தி க்ளோக் ஆஃப் வார்'. க்ளிங்கான் இனத்தோடு நடந்த போரில் டாக்டர் எம்பெங்காவும் நர்ஸ் சேப்பலும் பட்ட காயங்களைப் பேசிய கதை. கொலைகாரன் என்று அறியப்பட்ட ஒரு க்ளிங்கான் தளபதி, இப்போது சமாதானத் தூதராகக் கப்பலுக்கு வருகிறார். கடைசியில் டாக்டரின் அறையிலேயே இறந்துபோகிறார். அது கொலையா, தற்காப்பா என்ற கேள்விக்குத் தொடர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இந்தத் தொடர் தொட்ட மிக இருண்ட இடங்களில் ஒன்று அது.

சரியாக ஒரு வாரம் கழித்து, அதே க்ளிங்கான்கள் பாய் பேண்ட் பாணியில் ஆடிப் பாடுகிறார்கள்! சில நொடிகளே வரும் காட்சிதான். ஆனால், ரசிகர்களிடம் அதிகம் விவாதிக்கப்பட்டதும் அதுதான். விழுந்து விழுந்து சிரித்தவர்கள் உண்டு. 'போன வாரம் டாக்டர் அழுததற்கு என்ன மரியாதை?' என்று கேட்டவர்களும் உண்டு.

பத்தில் ஒன்று!

கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. 1967-68-ல் ஒளிபரப்பான ஒரிஜினல் தொடரின் இரண்டாவது சீசனில் 26 எபிசோடுகள். அதில் ஒன்று ஜாலியாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் வேறு கதை.

ஓடிடி காலத்தில் சீசனுக்குப் பத்தே எபிசோடுகள். இரண்டாவது சீசனில் ஸ்போக் முழு மனிதனாக மாறித் தடுமாறும் 'சாரேட்ஸ்', கார்ட்டூன் தொடரான 'லோயர் டெக்ஸ்' பாத்திரங்கள் நிஜ நடிகர்களாகவே வந்து இறங்கும் 'தோஸ் ஓல்டு சயின்டிஸ்ட்ஸ்', அப்புறம் இந்த மியூசிக்கல். ஆக, பத்தில் மூன்று காமெடி. புதிய கிரகம், புதிய உயிரினம் என்று ஆசையாகக் காத்திருப்பவருக்கு இது பெரிய பங்காகத்தான் தெரியும்.

காத்திருப்பும் சாதாரணமாக இல்லை. ஆகஸ்ட் 10-ம் தேதி இரண்டாவது சீசன் பெரிய சஸ்பென்ஸோடு முடிந்தது. அந்த ஆண்டு ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தால் அமெரிக்காவில் படப்பிடிப்புகள் முடங்கின. மூன்றாவது சீசன் வந்தது 2025 ஜூலை 17-ம் தேதி. கிட்டத்தட்ட இரண்டு வருடங்கள்! அவ்வளவு காத்திருந்து கிடைப்பது பத்து மணி நேரம் என்றால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ரசிகர் கணக்கு கேட்பது இயல்புதானே?

'பாட்டில்தான் உண்மை சொன்னாங்க!'

ஆதரித்தவர்கள் சொன்னதும் இதே எபிசோடைத்தான் ஆதாரமாகக் காட்டியது. பாட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் இதில் சிரிக்க எதுவுமில்லை என்பது அவர்கள் வாதம்.

நர்ஸ் சேப்பலுக்கு அவர் ஆசைப்பட்ட ஆராய்ச்சி வாய்ப்பு கிடைக்கிறது. கப்பலைவிட்டுக் கிளம்ப வேண்டும். காதலனான ஸ்போக்கிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியவர், அத்தனை பேர் முன்னால் துள்ளலான ஒரு பாட்டில் தன் சந்தோஷத்தைக் கொட்டிவிடுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்போக்கின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது ஒரு பிரிவுக் காட்சி என்று.

கேப்டன் பைக்கும் அவர் காதலி கேப்டன் படேலும் விடுமுறைக்கு எங்கே போவது என்று போடும் குட்டிச் சண்டை, கப்பலின் பெரிய திரையில், எல்லா ஊழியர்களும் பார்த்துக்கொண்டிருக்க, டூயட்டாக நடக்கிறது. லா'ஆன் கடைசியில் தன் ரகசியத்தைக் கிர்க்கிடம் பாட்டாக இல்லாமல் பேச்சாகவே சொல்லிவிடுகிறார். கிர்க்கின் பதில், அவருக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது. குடும்பத்தை விபத்தில் பறிகொடுத்த உஹுரா, எல்லோருடைய அழைப்புகளையும் இணைத்துவைக்கும் தன்னை யாரோடு இணைப்பது என்று பாடும்போது, 'இது எதுக்கு?' என்று கேட்டவர்களில் சிலரும் மௌனமானார்கள்.

ஸ்டார் ட்ரெக்கில் பாட்டே இருந்ததில்லை என்பதும் சரியில்லை. 1966 செப்டம்பரில் ஒளிபரப்பான தொடக்க எபிசோடுகளில் ஒன்றான 'சார்லி எக்ஸ்'ஸில் அன்றைய உஹுரா நிச்செல் நிக்கோல்ஸ் பாடினார். யாழ் போன்ற கருவியை மீட்டியவர், வேறு யார்... ஸ்போக்தான்!

ட்ரிபிள்கள் செய்த கலாட்டா

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1967 டிசம்பர் 29-ம் தேதி என்.பி.சி-யில் 'தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்' ஒளிபரப்பானது. எழுதியவர் டேவிட் ஜெரோல்டு. வயது 23. அவர் விற்ற முதல் கதை அது.

கை, கால், முகம் எதுவும் இல்லாத உருண்டையான ரோமப் பந்து ஒன்று கப்பலுக்குள் வருகிறது. பெயர் ட்ரிபிள். கையில் எடுத்தால் பூனை மாதிரி முனகும். ஒரே பிரச்னை, அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஸ்போக் ஒரு கணக்குப் போடுகிறார். ஒரு ட்ரிபிள், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து குட்டிகள், மூன்று நாள்கள். விடை 17,71,561! கணக்கு சரிதான். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை 11 மடங்காகும்; மூன்று நாள்களில் ஆறு சுற்று. கேப்டன் கிர்க் தானியக் கிடங்கின் கதவைத் திறக்க, ட்ரிபிள்கள் மழையாகக் கொட்டி அவரை மூடும் காட்சி இன்றும் பிரபலம்.

ஆனால், அன்று படப்பிடிப்புக் குழுவுக்குள்ளேயே இந்தக் கலகலப்பு எல்லோருக்கும் உவப்பாக இல்லை. மூன்றாவது சீசனின் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரீபெர்கருக்கு ஸ்டார் ட்ரெக்கில் காமெடி என்பதே பிடிக்கவில்லை. ஜெரோல்டு நினைத்த அடுத்த பாகம் அப்போது நடக்காமல் போய், 1973-ல் கார்ட்டூன் தொடரில்தான் வந்தது.

காலம் வேறு தீர்ப்பு சொன்னது. 1968-ல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் ட்ரிபிள்களும் இருந்தன. 1996-ல் ஸ்டார் ட்ரெக்கின் 30-வது ஆண்டைக் கொண்டாட 'டீப் ஸ்பேஸ் நைன்' குழு தேர்ந்தெடுத்ததும் இதே எபிசோடைத்தான். தங்கள் நடிகர்களைப் பழைய காட்சிகளுக்குள்ளேயே புகுத்தி ஒரு புதிய கதை சொன்னார்கள்.

ஏன் நின்றது? சிரிப்புக்கு நடுவே ட்ரிபிள்கள் ஒரு வேலையைச் செய்தன. கிடங்கில் அவை செத்துக்கிடந்ததால்தான் தானியத்தில் விஷம் கலந்திருப்பது தெரிந்தது. ஒரு மனிதனைப் பார்த்து அவை கீச்சிட்டதால்தான் அவன் மாறுவேடத்தில் இருக்கும் க்ளிங்கான் உளவாளி என்பது அம்பலமானது. காமெடியை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை.

அதே தொடர்... வேறு தீர்ப்பு

எல்லாக் காமெடியும் இப்படித் தப்பிப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 28-ம் தேதி வெளியான 'ஃபோர் அண்ட் எ ஹாஃப் வல்கன்ஸ்' எபிசோடில், ஒரு வேலைக்காகப் பைக், உஹுரா, லா'ஆன், சேப்பல் நால்வரும் மருந்து மூலம் ஸ்போக்கின் வல்கன் இனமாக மாறுகிறார்கள். வேலை முடிந்தும் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. நால்வரும் மூக்கை உயர்த்திக்கொண்டு மற்றவர்களை மட்டம் தட்டுகிறார்கள். சிரிப்பு வரும்தான்.

ஆனால், இங்கே பழைய ரசிகர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது. வல்கன்களின் தர்க்கம் ரத்தத்தில் ஊறியதில்லை. கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பழகும் ஒழுக்கம். பல பத்தாண்டுகளாக ஸ்டார் ட்ரெக் சொல்லிவந்தது அதுதான். ஊசி போட்டால் குணமே மாறிவிடும் என்றால், ஸ்போக் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஓர் இனத்தின் குணம் பிறப்பிலேயே வருகிறது என்று சொல்லவா இந்தத் தொடர் பிறந்தது?

இரண்டு எபிசோடுகளையும் அருகருகே வைத்தால் விஷயம் புரிகிறது. மியூசிக்கலில் உலகத்தின் விதி மாறியது, மனிதர்கள் மாறவில்லை. இன்னும் சொன்னால், அன்றைக்குத்தான் அவர்கள் அதிகம் அவர்களாக இருந்தார்கள். வல்கன் கதையில் சிரிப்புக்காக மனிதர்களே மாற்றப்பட்டார்கள். ரசிகர்கள் சிரிப்பை வெறுப்பதில்லை. தங்களுக்குப் பிடித்தவர்களை விலையாகக் கொடுத்து வாங்கும் சிரிப்பைத்தான் மறுக்கிறார்கள். க்ளிங்கான் நடனம் மட்டும் கடைசிவரை இரு கட்சிக்கும் நடுவில் நின்றதற்கும் அதுவே காரணம்.

2024-ம் ஆண்டு ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் 'சப்ஸ்பேஸ் ராப்சடி' இடம்பெற்றது. விருதை வென்றது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் கண்ணீர்க் கதை ஒன்று. 1968-லும் ட்ரிபிள்களை முந்தியது ஸ்டார் ட்ரெக்கின் சோகக் கதையான 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'தான். அழவைத்தவருக்குக் கோப்பை, சிரிக்கவைத்தவருக்குக் கைத்தட்டல் என்ற வழக்கம் விண்வெளிக்கும் பொருந்தும்போல!

பாட்டு முடிந்த அடுத்த வாரம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொடூரமான கோர்ன் இனம் தாக்குகிறது. லா'ஆனும் டாக்டரும் பிடிபடுகிறார்கள். படேலின் உடலுக்குள் கோர்ன் முட்டைகள் இருப்பது தெரியவருகிறது. அவர் பிழைப்பாரா என்று தெரியாமல், என்ன உத்தரவு கொடுப்பது என்று தெரியாமல் உறைந்து நிற்கிறார் பைக். சீசன் அங்கேயே முடிகிறது.

ஏழு நாள்களுக்கு முன்புதான் அந்த இருவரும் 'விடுமுறைக்கு எங்கே போகலாம்' என்று பாட்டிலேயே சண்டை போட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குத்தான் அந்தக் கடைசி நிமிடம் அதிகமாக வலித்திருக்கும்!