அறுவைக்கு முன்னால் மூன்று மாதம்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்தெடுப்பு இன்று விரல் நுனி வேலை அல்ல. பெரிய கத்தரியைப் பிடித்துச் சரிவில் நின்று வெட்ட வேண்டும்; அல்லது இரண்டு பேர் எதிரெதிரே நின்று, இயந்திரத்தைச் செடிகளின் தலைமேல் நகர்த்திப் போக வேண்டும். எதுவானாலும் அடிவயிறு இறுகும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டத்தில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம் என்றாலும், மலையின் தேயிலையில் தமிழ்ப் பெண்களின் உழைப்பு தலைமுறைகளாக ஊறியிருக்கிறது.

அப்படி உழைக்கும் ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி வளர்ந்து, பெரும்பாடும் ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் ஒருநாள் அந்தப் பேச்சு வந்தே தீரும்: "கர்ப்பப்பையை எடுத்துடலாம்." எப்படி எடுக்கப்போகிறார்கள் என்பதை யாரும் விளக்காமலே கையெழுத்து வாங்கிவிடுவதும் உண்டு. அது நியாயமே இல்லை. வயிற்றைத் திறந்து செய்தால் வேலைக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். லேப்ராஸ்கோப்பி முறையிலோ பிறப்புறுப்பு வழியாகவோ எடுத்தால் பெரும்பாலும் அதைவிடச் சீக்கிரம் எழுந்துவிடலாம். ஆனால் கர்ப்பப்பை மிகவும் பெருத்திருந்தால் சின்னத் துளை வழியாகச் செய்வது கடினம்.

இங்கேதான் ஹார்மோன் ஊசி உதவுகிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையின் முதல் கண்ணி, ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன். அதன் அமைப்பை 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டறிந்தது. பன்றி மூளைத் திசுவை லட்சக்கணக்கில் சேகரித்துச் செய்த ஆய்வு அது. மூளை ஹார்மோன் ஆய்வுக்காக 1977இல் ஷாலிக்கும் ரோஜர் கியமெனுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த ஹார்மோனைப் போன்ற மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி சுரப்பி சோர்ந்து அடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்க, கட்டியும் சுருங்குகிறது. கோசெரெலின் அப்படி ஒரு மருந்து. அரிசி மணி போன்ற சின்னத் துண்டை, சற்றுத் தடித்த ஊசியால் தொப்புளுக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பார்கள். நான்கு வாரத்துக்கு ஒன்று.

மூன்று மாதத்தில் கர்ப்பப்பையின் பருமன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையலாம். உதிரப்போக்கு நின்று, இரும்புச்சத்து மாத்திரையும் சேரும்போது ஹீமோகுளோபின் ஏறுகிறது. நெடுக்குக் கீறலுக்குப் பதில் குறுக்குக் கீறலோ, வயிற்றில் கீறலே இல்லாத முறையோ கைகூடும் வாய்ப்பும் கூடுகிறது.

விலையும் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் ரத்தப்போக்கு கூடலாம். பிறகு திடீர் வெப்பம், வியர்வை, தூக்கமின்மை. ஆறு மாதம் தாண்டினால் எலும்பு மெலியும். எல்லோருக்கும் இந்த ஊசி தேவையும் இல்லை. சிறிய கட்டியாக இருந்து ரத்தமும் போதுமான அளவு இருந்தால் நேராக அறுவைக்குப் போகலாம். சிலருக்குக் கர்ப்பப்பையை எடுக்கவே வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், கூலி நாள் போகாதிருக்கக் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வெளியானதை மறக்க முடியாது.

ஊசியை நிறுத்திய சில மாதங்களில் கட்டி பழைய அளவுக்கே திரும்பிவிடும். அதனால் அறுவைத் தேதி தள்ளிப்போனால் பட்ட பாடெல்லாம் வீண். அறுவைக்கு மலையிறங்க வேண்டுமென்றால், கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து தாப்பா சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. ஈப்போவுக்குச் சிம்பாங் பூலாய் வழியாக இறங்க வேண்டும். ஆண்டிறுதி மழையில் மண் சரிந்து சாலை அடைபடும் மலை இது. முதல் ஊசி போடும் அன்றே அறுவைத் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, தோட்டத்தில் விடுப்புக்கும் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.