பள்ளிக்கூடம் போகும் தாத்தா, பாட்டி!

"அறுபது தாண்டியாச்சு, இனி ராமா, கிருஷ்ணா என்று மூலையில் உட்கார வேண்டியதுதான்!" என்று யாராவது அலுத்துக்கொண்டால், அமெரிக்காவிலுள்ள பால்டிமோரைப் பற்றிச் சொல்லுங்கள்.

1996-ல் அந்நாட்டின் ஐந்து நகரங்களில் ஆரம்பித்து, பிறகு பால்டிமோருக்கும் வந்தது 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' திட்டம். அறுபது வயதானவர்கள் வாரம் 15 மணி நேரம் ஆரம்பப் பள்ளிக்குப் போய், சிறுசுகளுக்குப் படிக்கச் சொல்லித் தந்தார்கள். மூன்றாம் வகுப்பு வரையில்தான். ஏன் தெரியுமா? அதுவரை குழந்தை படிக்கக் கற்கிறது; அப்புறம் படித்துத்தான் மற்றதையெல்லாம் கற்கவேண்டும். 'பி'க்கும் 'டி'க்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கும் ஒரு பிள்ளைக்காக வகுப்பையே நிறுத்திவைக்க டீச்சரால் முடியுமா? பாட்டிக்கோ அவசரமில்லை, பத்துத் தடவையானாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.

லாபம் குழந்தைக்கு மட்டுமல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையார் 702 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலருடைய மூளையை இரண்டு வருஷம் படமெடுத்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிக்குப் போகாத ஆண்களுக்கு ஞாபகசக்திக்குரிய பாகம் சற்றுச் சுருங்கியிருந்தது; போன தாத்தாக்களுக்கோ சுருங்கவே இல்லை!

அடுத்த தெருப் பள்ளியில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஒரு குழந்தை காத்திருக்கலாம். உங்கள் வீட்டு ஈஸிசேரில் ஒருவர் பொழுது போகாமல் காத்திருக்கலாம். இருவரையும் சேர்த்துவைப்பது உங்கள் பொறுப்பல்லவா, சகோதரிகளே?