பாம்புக்கு எந்தத் தீனி நல்லது? அரிசி மண்டிக்காரர் கண்ட அமெரிக்கக் கடை

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக அரிசி மண்டி நடத்துபவர், அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டு அண்மையில் ஊர் திரும்பினார். சங்க அலுவலகத்துக்கு வந்தவர் அங்குள்ள பெரிய கடைகளைப் பற்றியோ சாலைகளைப் பற்றியோ பேசவில்லை. பேரன் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் பாம்பைப் பற்றியே பேசினார்! நாமும் முதலில் சிரித்தோம். முழுவதும் கேட்ட பிறகு, இது நம் இதழில் வர வேண்டிய செய்திதான் என்று தோன்றியது. விற்கிற சரக்கைப் பற்றி விற்பவருக்கே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது இதில் இருக்கிறது.

அந்தப் பாம்புக்குக் கார்ட்டர் பாம்பு என்று பெயர். காலுறை நழுவாமல் கட்டிக்கொள்ளும் பட்டைக்கு ஆங்கிலத்தில் கார்ட்டர் என்பார்கள்; உடம்பில் நீளவாட்டில் ஓடும் கோடுகள் அந்தப் பட்டையைப் போல இருப்பதால் இந்தப் பெயர். பெரும்பாலும் இரண்டடி, மூன்றடிக்கு மேல் வளராது. மனிதருக்கு ஆபத்து விளைவிக்கும் நஞ்சு கிடையாது. கனடாவில் தொடங்கி மத்திய அமெரிக்கா வரை வீட்டுத் தோட்டங்களில்கூடத் தென்படும். கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில் நார்சிஸ் என்ற இடத்தில் வசந்த காலத்தில் இவை பல்லாயிரக்கணக்கில் வளையை விட்டு வெளியே வருமாம். மக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். (நம் ஊரில் யாரும் ஆசைப்பட வேண்டாம். இங்குள்ள பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே அங்கே தனிக் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடைக்குப் பேரனோடு நம் உறுப்பினரும் போயிருக்கிறார். ஐஸ் பெட்டியில் உறைய வைத்த எலிக்குஞ்சுப் பொட்டலங்கள் அளவு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன; நாம் முந்திரியை முழு, அரை, துண்டு என்று தரம் பிரிப்பதைப் போலத்தான். மண்புழுவும் டப்பாவில் கிடைக்கும். தூண்டில் போடுவோருக்காகப் பெட்ரோல் பங்கிலும் சிறு மளிகைக் கடையிலும்கூட அதைக் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்களாம். இவை எல்லாவற்றையும்விட மலிவு, தொட்டியில் நீந்தும் சின்னஞ்சிறு தங்கமீன். தீனிக்கென்றே எண்ணிக்கைக் கணக்கில் தருவார்கள். நீந்தும் மீனைக் கண்டால் பாம்பு பாய்ந்து பிடிக்கும், பையனுக்கும் வேடிக்கை. கடையில் இருந்தவர், “இதுவே போதும், நன்றாகத் தின்னும்” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை நம்பி, மாதக்கணக்கில் அதையே வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

தாத்தா போய்ச் சேர்ந்த சில வாரங்களில் பாம்பின் தலை நடுங்கத் தொடங்கிற்று. உடம்பு முறுக்கிக்கொண்டது. மல்லாந்தால் தானாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை. கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன தீனி கொடுக்கிறீர்கள்?” என்பதுதான். பதிலைக் கேட்டதும் வைட்டமின் பி1 ஊசி போட்டார். தங்கமீனை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நல்ல வேளையாகக் காலம் கடந்துவிடவில்லை, பாம்பு பிழைத்துக்கொண்டது.

நடந்தது இதுதான். தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. கெண்டை மீன்கள் பலவற்றின் பச்சை இறைச்சியில் தயாமினேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. தயாமின் எனப்படும் வைட்டமின் பி1 சத்தை அது சிதைத்துவிடும். எப்போதோ ஒன்றிரண்டு மீன் தின்றால் கெடுதல் தெரியாது. அதுவே முழுத் தீனியானால் நரம்பு கெடுகிறது. ஐஸில் வைத்தாலும் இந்த நொதி அழியாது. வேக வைத்தால்தான் அழியும். தீனிக்காக விற்கப்படும் ‘ரோஸி ரெட்’ என்ற சிறு மீனிலும் இதே தொல்லை உண்டு. கப்பி, திலேப்பியா, டிரவுட் ஆகியவற்றில் இது இல்லை. தொட்டி என்னவோ பக்கத்துத் தொட்டிதான். விலையில்தான் கொஞ்சம் வித்தியாசம்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? காட்டில் இந்தப் பாம்பு மண்புழு, தவளை, மீன், நத்தை இனப் பூச்சி, சிறு எலி என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். வீட்டிலும் ஒன்றையே கட்டிக்கொண்டு அழாமல் மாற்றி மாற்றித் தருவதே நல்லது. மண்புழு நல்ல தீனிதான், ஆனால் எலும்பு இல்லாததால் சுண்ணாம்புச் சத்து போதாது. முள் நீக்கிய மீன் துண்டுக்கும் அதே குறை. எலிக்குஞ்சை முழுதாக விழுங்கும்போது எலும்பு, ஈரல் எல்லாம் சேர்ந்து போவதால் சத்துக் கணக்கு சரியாகிவிடுகிறது. மீன் தின்று பழகியது எலியைத் தொடாவிட்டால், எலிக்குஞ்சின் மேல் மீனைத் தடவிக் கொடுப்பார்களாம். வாசனைக்கு மயங்கித் தின்றுவிடும்! மண்புழுவிலும் ஒன்றைத் தள்ள வேண்டும். மண்புழு உரத்துக்கு நம் பக்கமும் வளர்க்கிற, மஞ்சள் நீர் கசியும் செம்புழு வகை இந்தப் பாம்புக்கு ஆகாது. குட்டிக்கு வாரம் இரண்டு முறை, வளர்ந்ததற்கு ஒரு முறை என்பது பொதுவான அளவு. கேட்கும்போதெல்லாம் போட்டால் கொழுப்பு ஏறிவிடும்.

தீனியால் வந்த இந்த நோய்க்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1932-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், உரோமத்துக்காக நரி வளர்த்த சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் தீனியோடு பச்சைக் கெண்டை மீனையும் சேர்த்தார்கள். நரிகள் கால் விழுந்து செத்தன. நோய்க்கே ‘சாஸ்டெக் வாதம்’ என்று பெயர் வந்துவிட்டது. மீன் பி1 சத்தைத் தின்றுவிடுகிறது என்பது பிறகு நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

பி1 என்று மருத்துவர் சொன்னவுடனே நம் அரிசி மண்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஏனென்றால் இந்தச் சத்தின் கதை தொடங்கியதே அரிசியில்தான். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் ஐக்மனின் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையல்காரர், இராணுவச் சோறு கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி தின்ற கோழிகள் எழுந்து நடந்தன! ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் 1920-களில் மெக்காரிசன் என்ற மருத்துவர் அரிசியையும் பெரிபெரி நோயையும் ஆராய்ந்திருக்கிறார். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கல் அரிசி உண்ட ஊர்களில் பெரிபெரி தலையெடுக்காததற்கு அதுவே காரணம். வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி கேட்கும் வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

மகளும் அவரும் அந்தக் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னார்களாம். அவர் நல்ல மனிதர்தான். “இத்தனை வருடமாக விற்கிறேன், ஒருவர்கூடக் குறை சொன்னதில்லையே” என்று வியந்திருக்கிறார். பாம்பு செத்துப்போனவர் மறுபடி தீனி வாங்க எதற்கு வரப்போகிறார்? நம் உறுப்பினர் அதையும் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் போனபோது, தங்கமீன் தொட்டியின் மேல் “கார்ட்டர் பாம்புக்கு இது மட்டும் போதாது; எங்களைக் கேளுங்கள்” என்று ஓர் அட்டை ஒட்டியிருந்ததாம்.

பேரனின் பாம்பு இப்போது எலிக்குஞ்சு தின்கிறது. கடைக்காரருக்கும் விற்பனை குறையவில்லை. ஐஸ் பெட்டிப் பொட்டலத்தில் அவருக்கு லாபம் கூடுதல்.