ஈத்தூண்டில் மீன்பிடிப்பு

ஈத்தூண்டில் மீன்பிடிப்பு என்பது இறகு, உரோமம், நூல் ஆகியவற்றைச் சிறிய தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, பூச்சி போலத் தோன்றச் செய்த செயற்கை இரையைக் கொண்டு மீன் பிடிக்கும் முறையாகும். ஆங்கிலப் பெயரை ஒட்டி ஃப்ளை ஃபிஷிங் என்றும் வழங்கப்படுகிறது. டிரவுட், சால்மன் போன்ற குளிர்நீர் மீன்களுக்காக ஐரோப்பாவில் வளர்ந்த இம்முறை, இன்று வட அமெரிக்கா, நியூசிலாந்து, இமயமலைப் பகுதி எனப் பல இடங்களில் பரவியுள்ளது. கடல் மீன்களைப் பிடிக்கவும் பயன்படுகிறது.

மண்புழு கோத்துத் தக்கையை மிதக்கவிடும் சாதாரணத் தூண்டிலில், மீன் இரையைத் தேடி வரும்வரை காத்திருக்கலாம். ஈத்தூண்டிலில் அவ்வாறு இருக்க முடியாது. அந்த நேரத்தில் மீன் எந்தப் பூச்சியைத் தின்கிறது, அந்தப் பூச்சி நீரின் எந்த மட்டத்தில் வருகிறது என்பதைப் பார்த்தறிந்து, அதே போன்ற ஒன்றை அதே வேகத்தில் மீனிடம் கொண்டு சேர்க்க வேண்டும். எனவே கைத்திறனுக்கு இணையாக ஆற்றைக் கவனிக்கும் பழக்கமும் இதற்குத் தேவை.

அடிப்படை

சாதாரணத் தூண்டிலை எறியும்போது ஈயக்குண்டின் எடையே நரம்பை இழுத்துக்கொண்டு செல்கிறது. செயற்கை ஈக்கு அப்படிப்பட்ட எடை இல்லை. ஓர் இறகை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அது சில அடி தூரத்திலேயே விழுந்துவிடும். இச்சிக்கலுக்கு விடையாக, எடை இரையிலிருந்து கயிற்றுக்கு மாற்றப்பட்டது. தடித்த, எடையுள்ள கயிற்றைக் கோலால் சாட்டை போல வீசும்போது, அதன் நுனியில் கட்டப்பட்ட ஈயும் கூடவே சென்று நீரில் மெல்ல இறங்குகிறது. கோலின் வளைவு, கயிற்றின் தடிமன், நுனி இழையின் மென்மை, வீசும் முறை ஆகிய எல்லாம் இந்த ஒரே காரணத்தால் மற்றத் தூண்டில்களிலிருந்து வேறுபடுகின்றன.

வரலாறு

கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவின் ஆறு ஒன்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய முள்ளால் மக்கள் மீன் பிடித்ததைப் பதிவு செய்துள்ளார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் பற்றிய கட்டுரை ஒன்று பன்னிரண்டு வகைச் செயற்கை ஈக்களை விளக்குகிறது. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில், ஈத்தூண்டில் பற்றிய பகுதியைச் சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப்பாறை ஆறுகளில் ஒரு விவாதம் எழுந்தது. நீரின் மேல் மிதக்கும் உலர் ஈயே சிறந்தது என்பது ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டின் கருத்து. அவரது முதல் நூல் 1886இல் வெளியானது. மீன் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே உண்கிறது, அதனால் நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போன்ற ஈயையும் பயன்படுத்தலாம் என ஜி. இ. எம். ஸ்கியூஸ் 1910இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இன்று இரு முறைகளும் வழக்கில் உள்ளன.

ஜப்பானின் மலையோடைகளில் டெங்காரா என்ற முறை தனியாக வளர்ந்தது. இதில் ரீல் கிடையாது. நீண்ட கோலின் நுனியிலேயே கயிறு கட்டப்பட்டிருக்கும்.

கருவிகள்

கோல்: முற்காலத்தில் மரத்தாலும், பின்னர் பிளந்து ஒட்டிய மூங்கிலாலும் கோல்கள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும், 1970களில் கார்பன் இழையும் வந்தன. கோல்கள் எண்களால் வகைப்படுத்தப்படுகின்றன. சிறு ஓடைகளுக்கு 3 அல்லது 4, பொதுவான டிரவுட் மீன்பிடிப்புக்கு 5, பெரிய ஆற்று மீன்களுக்கும் கடல் மீன்களுக்கும் 8 அல்லது அதற்கு மேல் பொருந்தும். புதிதாகத் தொடங்குபவருக்கு 9 அடி நீளமுள்ள 5ஆம் எண் கோல் ஏற்றது.

வீச்சுக்கயிறு: பின்னிய உள்ளிழையின் மேல் பிளாஸ்டிக் பூசிய கயிறு இது. பெரும்பாலும் 27 முதல் 30 மீட்டர் நீளம் இருக்கும். இதன் எண் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கிறது. 5ஆம் எண் கயிற்றில் அந்த எடை ஏறத்தாழ 9 கிராம். கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கனமான கோலில் மெல்லிய கயிற்றைப் பூட்டினால் கோல் வளையாது. கோல் வளையாவிட்டால் கயிறு பறக்காது. மிதக்கும் கயிறு, மூழ்கும் கயிறு என இருவகை உண்டு. தொடக்கத்தில் மிதக்கும் கயிறே போதும்.

லீடரும் டிப்பெட்டும்: தடித்த கயிற்றை நேரே ஈயுடன் கட்டினால் மீன் அதைக் கண்டுகொள்ளும். ஆகவே இடையில், போகப்போக மெலியும் நரம்பு ஒன்று கட்டப்படுகிறது. அது லீடர். அதன் நுனியில் சேர்க்கப்படும் மிக மெல்லிய பகுதி டிப்பெட். டிப்பெட்டின் தடிமன் எக்ஸ் என்ற குறியீட்டால் அளக்கப்படுகிறது. எண் கூடக்கூட இழை மெலியும். 5 எக்ஸ் இழையின் விட்டம் சுமார் 0.15 மில்லிமீட்டர். தூண்டில் முள்ளின் அளவெண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான டிப்பெட் எண் கிடைக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 14ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ் சரியாக இருக்கும். முள்ளிலும் எண் கூடினால் அளவு சிறிதாகும்.

ரீல்: கயிற்றைச் சுற்றி வைப்பதே இதன் முதல் வேலை. பெரிய மீன் ஓடும்போது கயிறு அளவாக இழுபடும்படி தடுத்துப் பிடிப்பது அடுத்த வேலை. சிறு டிரவுட்டைக் கையாலேயே கயிற்றை இழுத்துக் கரைசேர்க்கலாம். அதனால் குறைந்த செலவில் தொடங்குபவர்கள் ரீலில் சிக்கனம் பார்த்து, நல்ல கயிறு வாங்குவது நல்லது.

செயற்கை ஈக்கள்

ஈக்களை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம். உலர் ஈ நீரின் மேல் மிதந்து, இறக்கை முளைத்து வெளிவந்த பூச்சியைப் போலத் தோன்றும். ஈர ஈ நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே செல்லும். நிம்ஃப் எனப்படும் இளம்பூச்சி வடிவம் ஆற்றின் அடிப்பகுதியை ஒட்டி உருளும். ஸ்ட்ரீமர் சிறு மீனைப் போன்றது. இதை இழுத்து இழுத்து நீந்தச் செய்ய வேண்டும்.

டிரவுட்டின் முக்கிய உணவுகளுள் ஒன்று மேஃப்ளை. இது தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில் இளம்பூச்சியாகக் கழித்துவிட்டு, ஈசலைப் போலக் கூட்டமாக வெளிவந்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மடிந்துவிடும். இப்பூச்சிகள் வெளிவரும் வேளையில் மீன்கள் அதே அளவும் நிறமும் உள்ளவற்றை மட்டுமே தேர்ந்து தின்பதுண்டு. ஆற்றில் இறங்குமுன் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்ப்பது மிகப் பயனுள்ள பழக்கம். நிறத்தைவிட அளவு பொருந்துவது முக்கியம்.

ஈ கட்டும் கலைக்கும் தென்னிந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், எனாமல் பூசியது போன்ற வெண்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பிரிட்டனில் கட்டப்பட்ட சால்மன் ஈக்களுக்கு இவ்விறகுகள் பெரிதும் விரும்பப்பட்டதால் இப்பறவை வேட்டையாடப்பட்டது. இன்று இந்தியாவில் இப்பறவை சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அரிய இறகுகள் மீதான மோகம் முற்றிலும் மறையவில்லை. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. சால்மன் ஈ கட்டுபவர்களிடம் அவற்றின் இறகுகள் விற்கப்பட்டன. வளர்ப்புக் கோழியின் இறகும் செயற்கை இழைகளும் மீனை ஏமாற்றப் போதுமானவை.

வீசும் முறை

அடிப்படை வீச்சில் நான்கு நிலைகள் உள்ளன.

1. கோலின் நுனியை நீரை ஒட்டித் தாழ்த்தி, தளர்ந்திருக்கும் கயிற்றை நேராக்க வேண்டும்.
2. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக் கயிற்றை நீரிலிருந்து பின்னோக்கித் தூக்கி, கோல் தலையைத் தாண்டியதும் சட்டென நிறுத்த வேண்டும்.
3. கயிறு பின்புறம் முழுவதும் விரியும்வரை பொறுக்க வேண்டும்.
4. அதேபோல் முன்னோக்கி வீசி, மீண்டும் சட்டென நிறுத்த வேண்டும். கயிறு வளையமாக உருண்டு முன்னே விரிந்ததும் கோலைத் தாழ்த்தலாம்.

புதியவர்கள் அதிகம் தவறுவது மூன்றாம் நிலையில். கயிறு விரியுமுன் முன்னோக்கி வீசினால் சாட்டை போலச் சொடுக்கொலி கேட்கும், ஈ அறுந்துபோகக்கூடும். வேகம் போதவில்லை என எண்ணி மேலும் பலம் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். அமெரிக்க வீச்சுப் பயிற்றுநர் ஜோன் வுல்ஃப் 1960இல் 161 அடி தூரம், அதாவது ஏறக்குறைய 49 மீட்டர், வீசிக் காட்டினார். இக்கலையில் தோள்வலிமையைவிட நேரக்கணிப்பே பெரிது என்பதற்கு அது சான்று. ஈக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூலைக் கட்டிப் புல்வெளியில் பழகுவது நல்லது. பெரும்பாலான மீன்கள் 10 மீட்டருக்குள்ளேயே பிடிபடுவதால் தூரத்தைவிடத் துல்லியத்துக்கே பயிற்சி வேண்டும்.

பின்னால் மரங்கள் இருந்தால், கயிற்றைப் பின்னுக்கு எறியாமல் நீரின் மேலேயே உருட்டி முன்னோக்கி அனுப்பும் உருள்வீச்சைப் பயன்படுத்தலாம்.

நீரை அறிதல்

ஓடும் நீரில் டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். உணவு அத்திசையிலிருந்தே வருகிறது. ஆகவே கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி நெருங்கினால் அதன் பார்வையில் படாமல் இருக்கலாம். நிழல் நீரில் விழாதபடியும், உடலைத் தாழ்த்தியும், அடி அதிராமலும் நடக்க வேண்டும்.

வேகமான நீரில் நின்றால் மீனின் ஆற்றல் வீணாகும். தேங்கிய நீரில் நின்றால் உணவு வராது. இரண்டும் சந்திக்கும் கோடு, பாறையின் முன்பக்கமும் பின்பக்கமும், கரை அரித்த பள்ளம் ஆகியவை மீன் நிற்கும் இடங்கள்.

ஈ விழுந்த பின் அது ஓட்டத்தோடு இயல்பாக மிதந்து வர வேண்டும். நடுவில் உள்ள வேக நீர் கயிற்றை இழுத்தால், ஈ நீர்ப்பரப்பில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அவ்வாறு ஓடாததால் மீன் விலகிவிடும். இதைத் தவிர்க்க, கயிறு விழுந்தவுடன் அதன் நடுப்பகுதியைக் கோலால் தூக்கி மேல்நீர்ப் பக்கம் வளைத்து வைக்க வேண்டும். ஈயை அடிக்கடி மாற்றிப் பார்ப்பதைவிட இந்த இழுவையைச் சரிசெய்வது மீனைப் பிடித்துத் தரும்.

மீனை விடுவித்தல்

பல நாடுகளில் பிடித்த மீனை உயிருடன் விடுவது வழக்கமாகவோ சட்டமாகவோ உள்ளது. அமெரிக்கரான லீ வுல்ஃப் 1939இல் வெளியான தமது நூலில் இதை வலியுறுத்தினார். ஆனால் நீந்திப் போன மீன் எல்லாம் பிழைத்துவிடும் என்று கொள்ள முடியாது. பிழைப்பது பிடித்தவரின் கையில் உள்ளது.

• முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீளும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழன்றுவிடும்.
• மெல்லிய டிப்பெட்டால் மீனை நெடுநேரம் போராட வைத்துக் களைப்படையச் செய்யக்கூடாது.
• கையை நனைத்த பின்னரே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை, நோயிலிருந்து மீனைக் காக்கும் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும்.
• படம் எடுப்பதாயினும் சில நொடிகளுக்கு மேல் நீரை விட்டு வெளியே வைக்கக்கூடாது.
• நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடித்து, மீன் தானாக நீந்திச் செல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

வெப்பநிலையும் முக்கியம். நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால், போராடிக் களைத்த டிரவுட் விடுவிக்கப்பட்ட பின்னும் இறக்கக்கூடும். அத்தகைய நாட்களில் மீன்பிடிக்காமல் இருப்பதே முறை. இதனால் அனுபவமுள்ளவர்கள் பையில் ஒரு வெப்பமானியையும் வைத்திருப்பர்.

பாதுகாப்பு

வீசும்போது முள் கண்ணில் படாதிருக்கக் கண்ணாடியும் தொப்பியும் அணிய வேண்டும். ஆற்றில் இறங்கும்போது ஊன்றுகோல் உதவும். மார்புவரை வரும் நீர்க்காப்பு உடை அணிபவர் இடுப்பில் வார் கட்டாவிட்டால், விழும்போது அதில் நீர் புகுந்து நிரம்பும். ஓர் ஆற்றில் பயன்படுத்திய காலணியையும் வலையையும் கழுவி உலர்த்தாமல் வேறோர் ஆற்றுக்குக் கொண்டுசெல்லக்கூடாது. நியூசிலாந்தில் அயல் பாசி ஒன்று பரவியதைத் தொடர்ந்து, ஈரத்தைத் தேக்கிவைக்கும் கம்பளியடிக் காலணிகள் 2008இல் தடை செய்யப்பட்டன.

இந்தியாவிலும் இலங்கையிலும்

டிரவுட் தெற்காசியாவின் மீன் அன்று. ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தது. காஷ்மீரில் 1900ஆம் ஆண்டை ஒட்டிப் பழுப்பு டிரவுட் நிலைபெற்றது. நீலகிரியில் பல முயற்சிகள் தோற்ற பின், எச். சி. வில்சன் வானவில் டிரவுட்டை வெற்றிகரமாக வளர்த்தார். அதற்காக அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. மூணாறு, இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதி ஆகிய இடங்களின் குளிர்ந்த ஓடைகளிலும் டிரவுட் விடப்பட்டது.

அயல் மீன்களை விடுவது உள்ளூர் உயிரினங்களைப் பாதிக்கும். நியூசிலாந்தின் சிறு உள்நாட்டு மீன்கள் டிரவுட்டால் பல ஓடைகளில் அருகின. ஆகவே புதிய ஓடைகளில் டிரவுட்டை விடுவது இன்று ஏற்கப்படுவதில்லை.

உள்நாட்டு மீன்களில், இமயமலை ஆறுகளின் பொன்மாசீர் ஈத்தூண்டிலுக்குப் புகழ்பெற்றது. காவிரி ஆற்றமைப்பில் மட்டும் வாழும் திமில்முதுகு மாசீர் 2018இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மீன்பிடிக்க முடியாது. மற்ற இடங்களிலும் இதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், கோலைக் கையில் எடுக்குமுன் உள்ளூர் மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டு உரிய அனுமதி பெற வேண்டும்.